அலைநேரத்தை யார் தின்கிறார்கள்? நகரும் அட்-ஹொக் வலையில் நெரிசலைப் பிடிக்கும் வழி

மாரியில் மழையோடு காற்றும் சேர்ந்தால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் போகும். போய்ச் சில மணிநேரத்தில் கைபேசிக் கோபுரங்களின் பற்றரியும் இறங்கத் தொடங்கும். அந்த வேளைக்கென்று சின்ன ரவுட்டர்களை 12 வோல்ட் பற்றரியோடு ஓட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் படகிலும் ஏற்றி, கோபுரமே இல்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தகவலைத் தாவவிடும் அட்-ஹொக் வலை அமைக்கலாம். அமைப்பது பெரிய வேலை இல்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்) போட்ட ரவுட்டர், அதில் வழி கண்டுபிடிக்கும் பேட்மேன்-அட்வ் அல்லது ஓஎல்எஸ்ஆர் நெறிமுறை, போன்கள் வந்து ஒட்டுவதற்கு ஒரு சாதாரண வைஃபை. ஒரு பின்னேரம் போதும். (சாதாரண ஆண்ட்ராய்டு போனில் அட்-ஹொக் முறை கிடையாது. ஆகவே போன் எப்போதும் யாரோ ஒருவருடைய ரவுட்டரைப் பிடித்துக்கொண்டுதான் வலைக்குள் வரும்.) தலையிடி தொடங்குவது பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் படம் அனுப்பும்போதுதான்.

அப்போது எல்லாரும் எடுக்கும் மருந்து மூன்று: அலைச்சக்தியைக் கூட்டுவது, இடையில் இன்னும் இரண்டு ரவுட்டரைச் செருகுவது, பொதிகள் (அனுப்பும் தகவலின் துண்டுகள்) காத்து நிற்கும் வரிசையை நீட்டுவது. மூன்றும் பெரும்பாலும் நோயைக் கூட்டும். இங்கே தட்டுப்பாடு நினைவகத்துக்கோ ரவுட்டரின் வேகத்துக்கோ அல்ல, நேரத்துக்கு. ஒரே சனலில் ஒருவர் அனுப்பினால், அது கேட்கும் தூரத்தில் உள்ள மற்ற எல்லாரும் பொறுத்திருக்க வேண்டும். பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைக்கிற கதைதான்; தொட்டியைப் பெரிதாகக் கட்டினால் கிணற்றில் தண்ணீர் கூடுதலாக ஊறாது. சனல் பிடிபட்டிருக்கும் இந்த நேரத்தை அலைநேரம் என்று வைத்துக்கொள்வோம். கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் தேட வேண்டியது, அந்த அலைநேரத்தைத் தின்பது யார் என்பதைத்தான்.

கை வைக்குமுன்

பொதி வந்து சேரவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்று. வரிசை நிரம்பி வெளியே தள்ளப்பட்டிருக்கும். அல்லது அலையில் மோதியோ, சிக்னல் மெலிந்தோ கெட்டிருக்கும். அல்லது அடுத்த முனை (வலையில் உள்ள ரவுட்டர்) நகர்ந்துபோய் வழியே இல்லாமல் போயிருக்கும். வெளியிலிருந்து பார்க்க மூன்றுக்கும் முகம் ஒன்று. மருந்து மட்டும் வேறு வேறு.

பிரித்தறியச் சந்தேகமான முனையில் மூன்று கணக்குகளை ஒரே நேரத்தில் எடுங்கள். ஒன்று, ஐடபிள்யூ என்ற லினக்ஸ் வைஃபைக் கருவியின் சனல் சர்வே: சனலைக் கவனித்த மொத்த நேரத்தில் எவ்வளவு பிடிபட்டிருந்தது, அதில் நாம் அனுப்பியது எவ்வளவு, கேட்டது எவ்வளவு என்று காட்டும். இரண்டு, அதே கருவியின் அயல்முனைப் பட்டியல்: ஒவ்வோர் அயலுக்கும் எத்தனை தடவை திருப்பி அனுப்ப நேர்ந்தது, எத்தனை கைவிடப்பட்டது, இப்போதைய வேகம் என்ன. மூன்று, வரிசையில் நிற்கும் பொதிகள். இந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை ரவுட்டர் எழும்பிய நேரத்திலிருந்து கூடிக்கொண்டே வருபவை. அதனால் பத்துச் செக்கன் இடைவெளி விட்டு இரண்டு தடவை எடுத்து, வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சனல் நிரம்பி, திருப்பி அனுப்புதலும் கூடி, வரிசையும் வளர்கிறதா? அது நெரிசல். சனல் ஆறுதலாகக் கிடக்க, திருப்பி அனுப்புதல் மட்டும் கூடுகிறதா? சிக்னல் மெலிவு, அன்ரனாவைப் பாருங்கள். சனலும் சும்மா, வரிசையும் வெறுமை, ஆனாலும் பொதி போகவில்லையா? வழி அறுந்துவிட்டது. வரிசை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: இப்போதைய லினக்ஸில் பல வைஃபை இயக்கிகளின் (சிப்பை ஓட்டும் மென்பொருள்) வரிசை வைஃபை அடுக்குக்குள்ளேயே இருக்கிறது. வரிசைகளைக் காட்டும் டிசி கட்டளை வெறுமையான வரிசையைக் காட்டுகிறதென்று நம்பிவிடாமல், ஏக்யூஎம் என்ற பெயரில் இருக்கும் பிழைதேடல் கோப்பைத் திறந்து பாருங்கள்.

“எல்லாருக்கும் ஒரேயடியா இழுக்குது”

சர்வேயில் சனல் முக்கால்வாசி பிடிபட்டிருக்கும். அதில் நம்முடைய பங்கு எவ்வளவு?

நம் பங்கு சிறிது என்றால் தின்பவர் வெளியே இருக்கிறார். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயில் வீதிகளில் இதைத் தாராளமாகப் பார்க்கலாம். யாரும் ஒன்றும் அனுப்பாவிட்டாலும், ஹொட்ஸ்பொட் போட்ட ஒவ்வொரு போனும் தன் பெயரைச் செக்கனுக்கு ஏறத்தாழ பத்துத் தடவை கூவிக்கொண்டே இருக்கும். அந்தக் கூவல் 250 பைட் அளவில், 1 மெகாபிட் வேகத்தில் போனால், ஒவ்வொன்றுக்கும் 2 மில்லிசெக்கனுக்குச் சற்று மேல். ஒரு பெயருக்கு அலைநேரத்தில் 2 சதவீதம். இருபது ஹொட்ஸ்பொட் ஒரே சனலில் இருந்தால் நாற்பது சதவீதம் வெறும் பெயர் சொல்வதிலேயே போய்விடும். 2.4 கிகாஹேட்ஸில் ஒன்றோடொன்று முட்டாத சனல்கள் 1, 6, 11 மட்டுமே. நடுவில் 3 அல்லது 9 என்று போட்டு ஒளிந்துகொள்ளலாம் என நினைப்பவர்கள் இரண்டு பக்கத்து இரைச்சலையும் வாங்குவார்கள். கூட்டத்துக்குள் 5 கிகாஹேட்ஸ் நல்லது. பனந்தோப்புக்குள்ளும் ஈர வேலிக்குப் பின்னாலும் அது 2.4-ஐ விடக் கெதியாகச் சாகும். விழும் மழை 2.4-ஐப் பெரிதாகத் தொடாது. நனைந்த இலைதான் தின்னும்.

நம் பங்குதான் பெரிது, ஆனால் யாரும் படம் அனுப்பவில்லை என்றால், குற்றவாளி பெரும்பாலும் ஒலிபரப்புப் பொதிகள். ஒருவருக்கு என்று இல்லாமல் எல்லாருக்கும் போகும் பொதி மிகக் குறைந்த வேகத்தில் போகும். வந்து சேர்ந்ததென்ற பதிலும் கிடையாது. அந்தக் குறையை ஈடுகட்ட, பேட்மேன்-அட்வ் வைஃபையில் ஒவ்வோர் ஒலிபரப்பையும் மூன்று தடவை அனுப்பும். பதினைந்து முனைகள் ஒரே இடத்தில் நின்றால், ஒரு போன் “இந்த ஐபி யாருடையது?” என்று ஒரு தடவை கேட்பது நாற்பத்தைந்து தடவை அலையேறும். ஒன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிசெக்கன் வைத்தாலும், செக்கனுக்கு இருபது கேள்வி வந்தால் வலை முடிந்தது. 1999இல் தாய்வான் ஆய்வாளர் நால்வர் இதற்கு ஒலிபரப்புப் புயல் என்றே பெயர் வைத்தார்கள்; இன்றும் ஆளை விழுத்துவது அதே புயல்தான்.

செய்ய வேண்டியவை: 1, 2, 5.5, 11 மெகாபிட் என்ற பழைய வேகங்களை அடியோடு நிறுத்துங்கள். ஒலிபரப்பு வேகத்தை 6 அல்லது 12 மெகாபிட்டுக்கு ஏற்றுங்கள். பேட்மேன்-அட்வில் பரவலாக்கிய ஏஆர்பி அட்டவணை (எந்த ஐபி யாருடையது என்ற பட்டியல்) ஓடுகிறதா என்று பாருங்கள். யாராவது ஒருவருக்குத் தெரிந்த பதிலை வலை முழுக்கக் கேட்கவிடாமல் அது தடுக்கும். ஒரே ரவுட்டரில் உள்ள போன்கள் பிரிண்டரையும் டிவியையும் தேடிக் கூப்பிடுவதையும் வடிகட்டிவிடுங்கள். வெள்ளத்துக்குள் யாருக்கு பிரிண்டர் வேண்டும்? வேகத்தை ஏற்றியதும் தூரத்து மெலிந்த இணைப்புகள் சில காணாமல் போகும். பதற வேண்டாம். அவை இருந்ததுதான் பாதிப் பிரச்சினை.

அலைச்சக்தியைக் கூட்டுவதும் இங்கேதான் கெடுதல் செய்யும். சத்தமாகக் கதைத்தால் இன்னும் தூரத்தில் உள்ளவர்களும் வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். வண்டிகள் ஒரே சந்தியில் கூடி நிற்கும்போது சக்தியைக் குறையுங்கள்.

“பிங் போகுது, படம் போகேல்லை”

பிங் (போய்த் திரும்பும் சோதனைப் பொதி) பொதியின் அளவை 64, 512, 1400, 1472 பைட் என்று ஏற்றிப் பாருங்கள். குறிப்பிட்ட ஓர் அளவுக்கு மேல் மொத்தமாகப் படுத்துவிட்டால் அது நெரிசலே அல்ல, எம்டியூ (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய மிகப் பெரிய பொதியின் அளவு). பேட்மேன்-அட்வ் தன் தலைப்பைச் சேர்ப்பதால், கீழுள்ள இடைமுகத்தில் 1500 போதாது; 1532 வையுங்கள். வைக்காவிட்டால் ஒவ்வொரு பெரிய பொதியும் இரண்டாக உடைந்து, அலைநேரச் செலவும் கூடும். அளவு ஏற ஏற இழப்பு மெல்ல மெல்லக் கூடினால், அது மோதல் அல்லது இரைச்சல். அதற்குக் கீழே பண்ணைப் பாலம் பற்றிய பகுதியைப் பாருங்கள்.

“கதைக்கக் கதைக்கப் பிந்துது”

இது நெரிசலில் மிக நாசூக்கான வகை. பொதி ஒன்றும் தொலையாது. பிங் 20 மில்லிசெக்கனில் தொடங்கி 200, 900, 3000 என்று ஏறும். யாரோ ஒரு வீடியோவை ஏற்றி முடித்ததும் தானாக இறங்கிவிடும். பார்ப்பவர்கள் “வலை மெதுவு, ஆனா நம்பிக்கையானது” என்பார்கள். நீண்ட வரிசை செய்யும் மாயம் அது.

கணக்கைப் பாருங்கள். வரிசையில் 1000 பொதி நிற்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். பொதி ஒன்று 1500 பைட். மொத்தம் 12 மெகாபிட். மூன்று தாவல் தாண்டி உங்களுக்குக் கிடைப்பது செக்கனுக்கு 2 மெகாபிட் என்றால், கடைசியில் வந்து நிற்கும் பொதி 6 செக்கன் காத்திருக்கும். குரல் பொதி 6 செக்கன் பிந்தி வந்தால் அதற்குப் பெயர் குரல் இல்லை. இதில் வரிசையை இன்னும் நீட்டினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கோப்புகளைக் குறையில்லாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டிசிபி என்பது பொதி தொலைந்தால்தான் வேகத்தைக் குறைக்கும் சாமான். தொலைய விடாமல் பிடித்து வைத்தால் அது இன்னும் இன்னும் தள்ளிக்கொண்டே இருக்கும்.

முதலில் எங்கே வரிசை வளர்கிறது என்று கண்டுபிடியுங்கள். அனுப்புபவரின் ரவுட்டரில் தேடாதீர்கள். வழியில் மிக ஒடுங்கிய இணைப்புக்கு முன்னால் நிற்கும் முனையில்தான் அது வளரும். பெரிய கோப்பு ஒன்றை ஓடவிட்டுக்கொண்டே, வழியிலுள்ள ஒவ்வொரு முனைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக பிங் அடியுங்கள். எந்த முனைக்கு அடிக்கும்போது தாமதம் முதன்முதலில் எகிறுகிறதோ, அதற்கு முந்தியவர்தான் ஆள்.

மருந்து, எஃப்கியூ-கோடெல் என்ற வரிசை ஒழுங்குமுறை. வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், பொதி உள்ளே நின்ற நேரத்தைப் பார்க்கும் கோடெல் முறையைக் கத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்டார்கள். பொதிகள் 100 மில்லிசெக்கன் முழுக்க 5 மில்லிசெக்கனுக்கு மேலாகவே காத்து நின்றால், ஒவ்வொன்றாகக் கழிக்கத் தொடங்கும். ஏத்9கே போன்ற இயக்கிகளில் இது வைஃபை அடுக்குக்குள்ளேயே வந்துவிட்டது. ஆகவே ரவுட்டர் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் மெகாபிட்டை விட, உள்ளே எந்த சிப் என்று கேட்பது நல்லது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த 5 மில்லிசெக்கன், கம்பி இணைப்பை மனதில் வைத்த அளவு. 1 மெகாபிட் இணைப்பில் 1500 பைட் பொதி ஒன்று போய் முடியவே 12 மில்லிசெக்கன் எடுக்கும். அங்கே 5 என்று விட்டால் தேவையில்லாமல் கழிக்கும். மெதுவான பல தாவல் வலையில் இலக்கை 20 அல்லது 30-க்கு ஏற்றுங்கள்.

கேக் என்ற இன்னொரு வரிசை ஒழுங்குமுறையைப் போட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தலாமே என்று சிலர் கேட்பார்கள். இணையத்துக்கு வெளியேறும் வாசலில், அந்த வேகம் அசையாமல் இருந்தால் செய்யலாம். ஓட்டோவில் ஏறிய முனையில் வேண்டாம். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் வேகத்துக்கு நிலையான அணை கட்டினால், ஒரு நேரம் வீணாகும், இன்னொரு நேரம் வழியும்.

குரல் அனுப்புபவர்களுக்கு மலிவான ஒரு வித்தை இருக்கிறது. வழமையான குரல் செயலி 20 மில்லிசெக்கனுக்கு ஒரு பொதி, அதாவது செக்கனுக்கு 50 பொதி அனுப்பும். ஒவ்வொரு பொதிக்கும் முறைக்குக் காத்திருத்தல், முன்னுரை, பதில் என்று ஒரு நிலையான செலவு உண்டு. உள்ளே இருக்கும் சரக்கு சிறிதென்பதற்காக அது குறையாது. குரலைச் சுருக்கும் ஓபஸ் கோடெக்கில் அதை 60 மில்லிசெக்கனாக்கினால் பொதி 17 ஆகக் குறையும். கதை 40 மில்லிசெக்கன் பிந்தும், காதுக்குத் தெரியாது. அலைநேரம் மட்டும் வடிவாக மிஞ்சும்.

“பண்ணைக்கு அங்காலை ஒண்டும் எடுபடேல்லை”

பட்டணத்திலிருந்து மண்டைதீவு, வேலணைப் பக்கம் போகும் பண்ணைப் பாலத்தின் வழியே ஆறு ரவுட்டர்களை வரிசையாக நிறுத்தினால், பாடப்புத்தகச் சங்கிலி ஒன்று கிடைக்கும். மரமில்லை, மதிலில்லை, இருபுறமும் கடல்நீர். “இவ்வளவு வெளியில் ஏன் ஓடவில்லை?” வெளி என்பதால்தான்.

ஒரு தாவலில் 12 மெகாபிட் வந்தால் இரண்டு தாவலில் 6, மூன்றில் 4. ஒரே சனலில், ஒரே பொதியை ஒவ்வொருவரும் மறுபடி அனுப்பும்போது பக்கத்தில் உள்ளவர் வாய் மூடியிருக்க வேண்டும் என்பதால் வரும் வகுத்தல் இது. மிக நன்றாக ஒழுங்குபடுத்திய நீளச் சங்கிலிக்கு நாலில் ஒரு பங்கு கிடைக்கும். 2001இல் எம்ஐடி ஆய்வாளர்கள் உருவகப்படுத்திப் பார்த்தபோது, வைஃபையின் வழமையான முறை ஏழில் ஒரு பங்கைத்தான் எட்டியது. ஆகவே முதலில் வேகம் அளக்கும் ஐபெர்ஃப் கருவி கொண்டு ஒரு தாவல், இரண்டு தாவல், மூன்று தாவல் என்று படிப்படியாக அளவுங்கள். 12 மெகாபிட் இணைப்பு ஆறு தாவலில் 2 தருகிறதா? அது பழுதில்லை, கணிதம். அதை நோண்டாமல் விடுங்கள். 2-க்குப் பதில் 0.3 வந்தால்தான் தேடல் தொடங்குகிறது.

பெரும்பாலும் மறைமுனைதான். முதலாவது முனைக்கு நாலாவது முனையின் பேச்சு கேட்காது. ஆனால் இரண்டாவது முனை முதலாமவரைக் கேட்க முயலும்போது, நாலாமவரின் சத்தம் வந்து கெடுத்துவிடும். ஒருவர் சொல்வதை விளங்கிக்கொள்ளும் தூரத்தை விட, அவரால் மற்றவருக்கு இடைஞ்சல் வரும் தூரம் அதிகம். ஆய்வாளர் பலர் பாவித்த பழைய என்எஸ்-2 என்ற வலை உருவக மென்பொருளில் 250 மீட்டரும் 550 மீட்டரும் என்று போட்டிருப்பது இந்த வித்தியாசத்தைத்தான். ஆர்டிஎஸ்-சிடிஎஸ் என்ற அனுமதி கேட்கும் முறை இதைத் தீர்க்குமென்று எங்கும் எழுதியிருக்கும். பாதி உண்மை. அனுமதிப் பொதியை விளங்கிக்கொள்ளும் தூரத்தில் இருப்பவர் மட்டுமே அடங்குவார். அதற்கு வெளியே நின்று இடைஞ்சல் செய்பவருக்கு அது எட்டாது. பெரிய பொதிகளுக்கு மட்டும், 500 பைட் எல்லை வைத்து, சங்கிலியில் உள்ளவர்களில் போட்டு அளந்து பாருங்கள். கூடினால் வையுங்கள், குறைந்தால் எடுத்துவிடுங்கள்.

டிசிபியின் பேராசை அடுத்தது. சங்கிலியில் ஒரே நேரத்தில் முட்டாமல் பறக்கக்கூடிய பொதி, தாவல் எண்ணிக்கையில் ஏறத்தாழ நாலில் ஒன்று என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எட்டுத் தாவலுக்கு இரண்டே பொதி! டிசிபியோ பத்து, இருபது என்று அவிழ்த்துவிட்டு, முன்னால் போகும் தன் பொதியையே பின்னால் வரும் தன் பொதியால் அடித்து விழுத்தும். அனுப்பும் கணினியில் சாளரத்துக்கு (பதில் வருமுன் அவிழ்த்துவிடக்கூடிய அளவு) மேலெல்லை வைத்தால் வேகம் கூடும். குறைத்துக் கூட்டுவதை நம்பாதவர்கள் அளந்து பார்க்கலாம்.

இன்னொரு விஷயம் கடல்நீர். 1 கிலோமீட்டர் இணைப்பின் நடுவில் 2.4 கிகாஹேட்ஸ் அலைக்கு ஆரை 5.6 மீட்டர் அளவு வெறுவெளி தேவை. அன்ரனா நீருக்கு 2 மீட்டர் மேலே இருந்தால் அந்த வெளியில் கால்வாசிக்கு மேல் நீருக்குள் கிடக்கும். நீரில் பட்டுத் தெறிக்கும் அலை, நேரே வரும் அலையைக் கெடுக்கும். திருப்பி அனுப்புதல் கூடும், அலைநேரம் போகும், பார்ப்பவருக்கு நெரிசல் என்று தெரியும். மருந்து ஒரு நீளத் தடி.

உண்மையான தீர்வு இரண்டு வைஃபை ரேடியோ உள்ள ரவுட்டர்: ஒரு பக்கம் கேட்க ஒரு சனல், மறுபக்கம் அனுப்ப வேறு சனல். அது கையில் இல்லாவிட்டால், நடுவிலிருந்து ஒரு ரவுட்டரை எடுத்துவிட்டு, மீதியை உயர்த்திக் கட்டி அளந்து பாருங்கள்.

“ஓட்டோ திரும்பினவுடனை நிண்டுபோச்சு”

கேகேஎஸ் (காங்கேசன்துறை) வீதியில் நன்றாக ஓடிய இணைப்பு, வண்டி ஒழுங்கைக்குள் திரும்பியதும் அறும். இரு பக்கமும் ஆளுயர மதில், அதற்குப் பின்னால் வளவு நிறைய மரம். சில மீட்டருக்குள் சிக்னல் விழுந்துவிடும். இது நெரிசல் இல்லை. ஆனால் டிசிபிக்கு அது தெரியாது. பதில் வராவிட்டால் நெரிசல் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

நேரக் கணக்கு இப்படிப் போகும். ஓஎல்எஸ்ஆரில் ஒவ்வொரு முனையும் 2 செக்கனுக்கு ஒரு தடவை “இருக்கிறேன்” என்று சொல்லும்; 6 செக்கன் கேட்காவிட்டால்தான் போய்விட்டது என்று முடிவு. மணிக்கு 30 கிலோமீட்டரில் ஓடும் ஓட்டோ அதற்குள் 50 மீட்டர் தாண்டிவிடும். வழி திருந்த 8 செக்கன் என்று வைப்போம். இதற்கிடையில் டிசிபி 1 செக்கனில் ஒரு தடவை முயன்று, அப்புறம் காத்திருப்பை இரட்டித்து, 3-ஆம், 7-ஆம் செக்கனில் முயன்று தோற்றிருக்கும். அடுத்த முயற்சி 15-ஆம் செக்கனில். அதாவது வழி தயாராகி 7 செக்கன் ஆகியும் ஒருவரும் எதையும் அனுப்பாமல் சும்மா இருப்பார்கள். இதற்கு ஒரு திட்டமான அடையாளம்: செயலியை மூடித் திறந்தால் உடனே வேலை செய்யும். பழைய தொடர்பு தூங்குகிறது, புதியது ஓடுகிறது.

வழி அறுந்ததை அனுப்புநருக்கு வெளிப்படையாக அறிவிக்கும் யோசனையை ஹொலண்டும் வைத்யாவும் 1999லேயே முன்வைத்தார்கள். சாதாரண போன்களுக்குள் அது வரவில்லை. ஆகவே நம்மால் செய்யக்கூடியது மேலே, செயலியில்: படத்தைச் சிறு துண்டுகளாக்கி, துண்டுக்கு ஒரு புதிய தொடர்பு, 3 செக்கனில் பதில் இல்லையென்றால் தானே திரும்ப முயல்வது.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. கூடிய ஆபத்து அதில்தான். “இருக்கிறேன்” என்ற பொதிகளும் ஒலிபரப்புத்தான், பதில் இல்லாதவை. உண்மையான நெரிசலில் அவை மோதிச் சாகும். பக்கத்தில் நிற்பவரையே வலை செத்துவிட்டார் என்று நினைக்கும். ஏஓடிவி (தேவைப்படும்போது மட்டும் வழி தேடும் நெறிமுறை) பாவிப்பவர்கள் என்றால் உடனே வழி தேடும் கேள்வி வெள்ளமாகக் கிளம்பும்: முதலில் 1 தாவல், பிறகு 3, 5, 7, கடைசியில் வலை முழுக்க. அந்த வெள்ளம் இன்னும் பல “இருக்கிறேன்”களைக் கொல்லும். இப்படியே சுற்றும்.

பிரித்தறிவது எளிது. வண்டியை நிறுத்துங்கள். நின்ற வண்டியிலும் வழி அறுந்து அறுந்து சேர்கிறதென்றால் காரணம் நகர்வு இல்லை, நெரிசல். அப்போது “இருக்கிறேன்” இடைவெளியைக் குறைத்து அடிக்கடி சொல்லவைப்பதுதான் முதலில் தோன்றும் யோசனை. செய்யாதீர்கள். ஏஓடிவியில் இரண்டு தவறினாலே போய்விட்டது என்று எடுக்கும் இயல்பு அளவை மூன்று, நாலுக்கு ஏற்றுங்கள். வழிப்படுத்தல் பொதிகளுக்கு வரிசையில் முதலிடம் கொடுங்கள். இடைவெளியைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால், ஓடும் வண்டிகளில் மட்டும். வீட்டுக்கூரையில் நிற்பதற்கு எதற்கு?

“ஒராளின்ரை பற்றரி மட்டும் கெதியா இறங்குது”

நடுவில் நிற்பவர் தலையில் எல்லா வழியும் விழுந்திருக்கும். குறைந்த தாவலைத் தேடும் எந்த நெறிமுறையும் நடுவில் இருப்பவரையே தெரிவு செய்யும். ஓஎல்எஸ்ஆரில், மற்றவர் பொதியைச் சுமக்க எவ்வளவு தயார் என்பதைக் காட்ட, விருப்பம் என்று 0 முதல் 7 வரை ஓர் எண் இருக்கிறது, இயல்பாக 3. அவருடையதை 1 ஆக்குங்கள், மாற்று வழி உள்ளவர்கள் விலகிப்போவார்கள். சுமையைப் பார்த்து வழி மாற்றும் அளவீடுகளும் உண்டு. ஆனால் அவற்றைக் கூர்மையாக விட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் இந்த வழியிலிருந்து அந்த வழிக்குப் பாய்ந்து, அது நிரம்பத் திரும்பி வருவார்கள். புதிய வழி கொஞ்சமல்ல, தெளிவாக நல்லது என்றால் மட்டும் மாறுவதாக வையுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள்: அவருடைய ரவுட்டரில் தூரத்துப் போன் ஒன்று 1 மெகாபிட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? வைஃபை எல்லாருக்கும் சம வாய்ப்புத் தரும், சம நேரம் தராது. 54 மெகாபிட் போன் கால் மில்லிசெக்கனில் முடிக்கும் பொதிக்கு இவர் 12 மில்லிசெக்கன் எடுப்பார், மற்ற எல்லாரும் இவர் வேகத்துக்கு இறங்குவார்கள். அலைநேரத்தைச் சமமாகப் பங்கிடும் வசதி உள்ள இயக்கி இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் மெலிந்த சிக்னலை ஏற்காமல் விடுங்கள். பத்து மீட்டர் கிட்ட வந்தால் அவருக்கும் நல்லது.

கணினிக்குள் மட்டும் வரும் நெரிசல்

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் மாணவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. என்எஸ்-2 தடக்கோப்பில் பொதி ஏன் விழுந்தது என்பதற்கு ஒரு குறியெழுத்து இருக்கும். ஐஎஃப்கியூ என்றால் வரிசை நிரம்பியது. என்ஆர்டிஇ என்றால் வழி இல்லை. சிஓஎல் என்றால் மோதல். மூன்றையும் சேர்த்து “நெரிசல் இழப்பு” என்று வரைபடம் போடாதீர்கள். தற்செயல் இலக்கு நகர்வு மாதிரியில் (ஒவ்வொரு முனையும் குலுக்கலில் ஓர் இடத்தையும் வேகத்தையும் தெரிந்து நகரும்) குறைந்த வேகத்தை 0 என்று விட்டால், ஓட்டம் நீள நீள முனைகளின் சராசரி வேகம் இறங்கிக்கொண்டே போகும். பின்பாதியில் உங்கள் நெறிமுறை நன்றாகத் தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். 1 என்று வையுங்கள்.

“எல்லாம் சரி, ஆனா சனம் கூடினா விழுது”

அமைப்பில் பிழை இல்லை, வலையிடம் கேட்பதுதான் அளவுக்கு மிஞ்சியது. முனைகள் கூடக் கூட, ஒருவருக்குக் கிடைக்கும் பங்கு முனை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுப்பதை விடவும் சற்று வேகமாகக் குறையும் என்று குப்தாவும் குமாரும் 2000இல் நிறுவினார்கள். ரவுட்டரைக் கூட்டி இதிலிருந்து தப்ப முடியாது. இனி எதை முதலில் விடுவது என்ற தெரிவுதான்.

எழுத்துச் செய்தி முதல், பிறகு இருப்பிடம், பிறகு குரல், கடைசியில் படம். படத்தைப் போனிலேயே சுருக்கியபின் ஏற்றுங்கள்; வெள்ளம் எந்த மட்டம் என்று காட்ட 100 கிலோபைட் போதும். வைஃபையின் நாலு முன்னுரிமை வகுப்புகளைப் பாவிக்கலாம், ஆனால் “எல்லாம் அவசரம்” என்று எல்லாவற்றையும் குரல் வகுப்பில் போட்டுவிடாதீர்கள். அந்த வகுப்பில், அனுப்புமுன் எத்தனை நேரத்துண்டு காத்திருப்பது என்று குலுக்கும் எல்லை 3-இல் தொடங்கி 7-உடன் நின்றுவிடும். நாலைந்து பேருக்கு அது வரம். பதினைந்து பேர் அதற்குள் நுழைந்தால் விடாமல் மோதுவார்கள். குரல் அழைப்புக்கு ஓர் எண்ணிக்கை வையுங்கள். அதற்கு மேல் வருபவருக்கு “பிஸி” என்று சொல்லுங்கள். நாலு நல்ல அழைப்பு, எட்டு விளங்காத அழைப்பை விட மேல்.

வீடியோவுக்கு அலைநேரமே கொடுக்க வேண்டாம். குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் நடுவில் படகு எப்படியும் போய்வரும். படகு ரவுட்டரில் ஒரு மெமரிக் கார்ட்டைச் செருகி, துறையில் நிற்கும்போது வாங்கி, மறுகரை துறையில் கொடுக்கும்படி வையுங்கள். இப்படிச் சேமித்துச் சுமந்து சேர்ப்பதற்கென்றே பண்டில் நெறிமுறை இருக்கிறது, அதன் ஏழாவது பதிப்பு 2022இல் வந்தது. அதைப் போட நேரமில்லை என்றால், இரண்டு துறையிலும் கோப்புறைகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் கட்டளை ஒன்றும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் அது தொடங்குவதைத் துறை ரவுட்டரின் சிக்னல் பலத்தோடு இணைத்து விடுங்கள். நடுக்கடலில் மெலிந்த சிக்னலைப் பிடித்து 1 மெகாபிட்டில் வீடியோ தள்ளத் தொடங்கினால், முதலாவது அறிகுறிக்கே திரும்பவும் போக வேண்டியிருக்கும்.